சாந்தோம் கிளையில் யாரும் போகவில்லை

சங்க அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அனுபவம் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். அனுபவம் சொல்லலாம், உட்காருவதுதான் என்னால் ஆகாது. வேலையில் இருந்தபோதே என் நாற்காலியில் என்னைவிட என் கைப்பைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் விடிந்தால் கால் பரபரக்கிறது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தால்தான் காபியே இறங்குகிறது. அதனால் எழுதித் தருகிறேன். நடுநடுவே நான் எழுந்து போய் வந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ரசீது போடுவது எப்படி, பொதுக்குழு அறிவிப்பு அனுப்புவது எப்படி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது வேறு. எந்தச் சங்கத்துக்குப் போனாலும் வருடம் முடிந்ததும் தலைவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்? இதற்கு இப்போது ரிடென்ஷன் என்று பெயர். நாங்கள் தங்கினவர் கணக்கு என்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு மாதிரிதான் இருக்கும். இந்தக் கணக்கால் நான் பட்ட வயிற்றெரிச்சல் வேறு எதனாலும் பட்டதில்லை.

அடையாறில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். அந்த மன்றத்தை விட்டு ஒருவரும் விலகியதே கிடையாது. ஏன் தெரியுமா? விலகல் கடிதத்தைச் செயலாளர் கையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று விதி. செயலாளர் பாதி வருடம் மகள் வீட்டில், கடல் கடந்து. மீதிப் பாதியில் மதியம் தூங்குவார், சாயங்காலம் சீட்டாடுவார், நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது. விலக வந்தவர்கள் சலித்துப்போய் விலகுவதையே விட்டுவிட்டார்கள். 'நம் மன்றத்தின் மீது உறுப்பினர்கள் கொண்ட பற்று' என்று ஆண்டறிக்கையில் அச்சடித்தோம். கதவைப் பூட்டி வைத்தால் யார்தான் போவார்கள் என்று அப்போது சிரித்துக்கொண்டேன். இதற்கு நேர் தலைகீழாகவும் நடக்கும் என்பது கடைசியாக வேலை பார்த்த இடத்தில்தான் தெரிந்தது.

அது கல்யாணப் போட்டோ, வீடியோ எடுப்பவர்களின் சங்கம். அலுவலகம் தி. நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்பக்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில். கீழே குக்கரைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள், மேலே எங்கள் மேஜை அதிரும். மாம்பலம், மயிலாப்பூர், வேளச்சேரி, அடையாறு, சாந்தோம் என்று ஊரெங்கும் கிளைகள். நான் அலுவலக மேலாளர். சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தலைவர் பாண்டி பஜார் பக்கம் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், உறுப்பினர் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் எதையும் திரையில் போட்டுப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். தொழில் அப்படி.

உறுப்பினர் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தலைவர் அந்த மென்பொருள்காரர்களிடம் சொல்லி, கிளை வாரியாகத் தங்கினவர் கணக்கை முதன்முறையாக எடுக்கவைத்தார். செயற்குழுவில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் போட்டார். கிளைக்கு ஒரு பட்டை. எல்லாக் கிளைகளும் பச்சையில் நெடுநெடுவென்று நின்றன. சாந்தோம் மட்டும் சிவப்பில் தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்த படம், புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்கு. அதில் சாந்தோம்தான் எல்லாரையும்விட உயரம்.

"வருஷா வருஷம் இருக்கறவங்கள்லாம் போயிடறாங்க, அதே அளவுக்குப் புதுசா ஆள் வருது. இது கிளையா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் தலைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு இருட்டில் ஒரு குரல், "பிலோமினா மேடம் பொய்ப் பேரா எழுதிச் சேக்கறாங்களோ என்னமோ. ஆளு நிஜமா இருக்காங்களான்னு யாரு பாத்தா?" என்றது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. அந்தப் பேச்சைப் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிலோமினா சாந்தோம் கிளையின் அமைப்பாளர். அந்தப் பக்கம் மாதா கோயிலில் கல்யாணம் என்றால் அவருடைய கேமரா இல்லாமல் முக்கால்வாசி நடக்காது. அப்பா அம்மா இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். இவரும் டீச்சர் மாதிரியே குரலை உயர்த்தாமல் பேசி ஆளை நிற்கவைப்பார். கிளையை உண்டாக்கியதே அவர்தான். கோயில் தெருக்களிலும் கரையோரக் குப்பங்களிலும் ஆளுக்கு ஒரு கேமராவோடு தனித்தனியாகத் திரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கேமரா பழுதானவனுக்கு இன்னொருவர் கேமரா இரவல் போகும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவர் ஒத்துக்கொண்ட கல்யாணத்தை இன்னொருவர் போய் எடுத்துத் தருவார். இதெல்லாம் அந்தக் கிளை இருந்ததால் நடந்தது.

அந்தக் கிளையைக் கலைத்து அடையாறு கிளையோடு சேர்த்துவிடுவது, அமைப்பாளர் பொறுப்பை எடுத்துவிடுவது என்று செயற்குழு முடிவு செய்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அதில் ஓட்டுக்கு விட வேண்டும். தீர்மானத்தை எழுதும் வேலை எனக்கு.

எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். ஜன்னலில் போய் நின்று பாத்திரக் கடைக்கு வந்தவர்களை வேடிக்கை பார்த்தேன். ஒரு மனுஷியின் பெயரைக் கெடுக்கிற காகிதத்தை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி எழுதுவது? போனை எடுத்து பிலோமினாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க கிளையில யாரும் போகலையே மேடம்" என்றார்.

"போயிருக்காங்கன்னு கணக்கு சொல்லுதும்மா."

"கணக்கு சொல்லட்டும். நீங்க வந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லைதான். மறுநாள் காலை ஆட்டோவில் ஏறினேன். நந்தனம் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றி லஸ் பக்கம் வருவதற்குள் மீதிப் பொழுது. தடுப்புத் தகரத்துக்கு நடுவில் ஆட்டோ நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தேன். "குந்துமா சும்மா, போய்க்கினுதானே கீறோம்" என்று டிரைவர் அதட்டினார். ஆட்டோ நகரவே இல்லை என்பது வேறு விஷயம்.

சாந்தோம் சாலையில் பிலோமினா காத்திருந்தார். என்னை விளக்கமும் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "போனவங்கன்னு யார் பேரு முதல்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அமலதாஸ் என்றேன். நேராகப் பட்டினப்பாக்கம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

அமலதாஸ் அறுபதை நெருங்கியவர். மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கப் போய் அப்படியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். "வாங்க மேடம், குந்துங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. என் கண் அந்த வீட்டைச் சுற்றி வந்தது. ஜன்னலுக்குத் திரையாக ஒரு பொன்னாடை. டிவி மேல் ஒரு பொன்னாடை. கேமராப் பெட்டிக்கு உறையாக ஒன்று. உள் அறையில் பேரக் குழந்தைக்கு ஏணை கட்டியிருந்தார்கள், அதுவும் பொன்னாடைதான். எல்லாம் ஒரே அரக்கு நிறம், ஒரே ஜரிகை. எனக்கு அந்த ஜரிகையை நன்றாகத் தெரியும். பொதுக்குழுவில் புது உறுப்பினர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்துவதற்காக மொத்தமாக வாங்குவோம்.

"இதெல்லாம் ஏதுங்க?" என்றேன்.

"சங்கத்துல போட்டதுதான் மேடம். வருசா வருசம் போடுவாங்கோ."

"எதுக்குப் போடறாங்கன்னு நீங்க கேக்கலையா?"

"கூப்ட்டாங்க, போனேன். போத்துனாங்க, வாங்கிக்கினேன். இன்னாத்துக்குன்னு கேட்டா மருவாதியா இருக்குமா?" என்றார். "நம்ம கிளைக்கு ஒரு கெவுரதைன்னு நென்ச்சிக்கினேன். எல்லாருக்குந்தான போட்டாங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவரும் சிரித்தார். பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. கல்லூரி முடித்து வந்த பையன்கள் கிளையில் உண்மையாகவே சேர்ந்துகொண்டிருந்ததால், சாந்தோம் வரிசை மேடையில் நீளமாக இருப்பதை அவரும் அதுவரை சந்தேகப்படவில்லை, பழையவர்களுக்கும் சேர்த்து மரியாதை செய்வதாக நினைத்திருந்தார்.

"சந்தா எப்பக் கட்டறீங்க?" என்றேன்.

"ஈஸ்டர் முட்ஞ்சி. தவக்காலத்துல கோயில்ல ஏது கல்யாணம்? சாம்பல் புதன்ல கேமராவ மூட்ட கட்டுனா, உயிர்ப்பு பண்டிக தாண்டித்தான் தொறக்கறது. அதுக்கப்பறம் வர்ற மொத கல்யாணத்து அட்வான்ஸுல மொத செலவு சங்கத்துக்குத்தான். எங்க ஆளுங்க அல்லாரும் அப்டித்தான். அது ஒரு ராசி மேடம்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் சங்கத்தில் சந்தா இரண்டு தவணை. முதல் தவணைக்கு மார்ச் மாதக் கடைசி கெடு. அது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில்தான் விழும். ஏப்ரல் பிறந்ததும் மென்பொருள் கட்டாதவர்களின் பெயரை எடுத்துவிடும். ஈஸ்டர் முடிந்து அவர்கள் பணத்தோடு வரும்போது, புது எண் கொடுத்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று வரவேற்கும். பழைய காலத்தில் சந்தா வசூலிக்க ஆள் போவார், இரண்டு வாரம் பொறுத்து வாங்கிக்கொள்வார், பெயர் இருந்த இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பொறுமையைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. இரண்டாவது தவணைக்கு ஜூலைக் கடைசி கெடு. அது ஆடி மாதத்தில் விழும், ஆடியில் கல்யாணம் இல்லை, கையில் காசு இருக்காது. அதனால் ஆவணி முடியும்வரை பெயரை எடுக்காதே என்று மென்பொருளில் எழுதவைத்திருந்தோம். யாரும் கேட்டு அல்ல. ஆடியில் கெடு வைக்கக் கூடாது என்பது அலுவலகத்தில் இருந்த எல்லாருக்கும் தானாகவே தெரியும். தவக்காலம் என்று ஒன்று இருப்பது தானாகத் தெரிந்தவர் எங்கள் மாடியில் ஒருவர்கூட இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதைச் சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சேர்ந்து ஒரு வருடம் முடியாதவர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு கிடையாது. எங்கள் சங்கத்தில் எதற்கும் கை தட்டினால் தீர்மானம் நிறைவேறிவிடும் என்பதால் இதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. கிளையைக் கலைக்க வேண்டுமானால் மட்டும் வாக்குச் சீட்டுப் போட்டே ஆக வேண்டும். அதாவது, சாந்தோம் கிளையைக் கலைக்கலாமா என்று ஊரிலுள்ள எல்லாரும் ஓட்டுப் போடலாம். சாந்தோம்காரர்களில் அநேகம் பேர் போட முடியாது.

தலைவரை ஸ்டூடியோவில் பிடித்தேன். புது மணமக்கள் ஆல்பத்துக்கு அட்டை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருக்க முடியாமல் அவரை வெளியே இழுத்து நடைபாதையில் நிற்கவைத்துச் சொன்னேன். அவர் புத்திசாலி, பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"அறிக்கையெல்லாம் அச்சாயிடுச்சே மேடம். படத்தோட எல்லாருக்கும் அனுப்பியாச்சே."

"அனுப்பினா என்ன சார்? தப்புன்னு சொல்லிடலாம்."

"பொதுக்குழுவுல நின்னு எங்க கணக்கு தப்புன்னு சொல்லணுமா? இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையான்னு காறித் துப்ப மாட்டாங்க? இந்தத் தடவை இது நடந்துடட்டும். அடுத்த வருஷம் மென்பொருளைச் சத்தமில்லாம மாத்திடலாம். அடையாறுல சேந்தா அவங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களுக்கு ஓட்டே இல்லையே சார்."

"விதி அப்படித்தானே மேடம் சொல்லுது. நானா எழுதினேன்?"

பொதுக்குழுவுக்கு மீதமிருந்த இரண்டு நாளும் நான் வீட்டில் ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். பொதுக்குழுவில் பேசுவதற்கு எனக்கு உரிமை இல்லை. பிலோமினாவிடம் சொல்லிச் சண்டை போடச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே பொய்ப் பெயர் எழுதினாள் என்று சந்தேகப்படுகிறவர்கள் அவர் சொல்வதை எப்படி நம்புவார்கள்? யோசித்தேன், நடந்தேன், மாம்பலம் ரயில் நிலைய மேம்பாலப் படியை அத்தனை முறை ஏறி இறங்கியவள் அந்த வாரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். வாசலில் என் மேஜை. அட்டையைப் பார்த்து, கம்ப்யூட்டர் கொடுத்த பெயர்களோடு சரிபார்த்து, வாக்குச் சீட்டு கொடுக்க வேண்டியது என் வேலை. உள்ளே மைக் சோதனை, பக்கத்தில் டீயும் போண்டாவும். மாம்பலம், வேளச்சேரி ஆட்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பிறகு பிலோமினா வந்தார், பின்னால் அவர் கிளை மொத்தமும். வரிசையில் முதலில் அமலதாஸ். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சங்க அட்டை. சீட்டுக்காகக் கையை நீட்டினார்.

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நின்று பாருங்கள். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. சீட்டைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம். கொடுத்தால் நாளைக்கு யாராவது ஒருவர், ஓட்டில்லாதவர்களுக்குச் சீட்டுப் போனது, கூட்டமே செல்லாது என்பார். பிலோமினா மேல் இன்னொரு பழி சேரும். கொடுக்காமல், விதி இதுதான் என்று சொல்லிவிடலாம். அதைச் செய்தால் நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நீட்டிய கை அப்படியே இருந்தது. என் பின்னால் டீக்காரர் "சக்கர கம்மியா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்த சீட்டுக் கட்டை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். எழுந்து நின்று, "இனிமே யாருக்கும் சீட்டு கிடையாது. குடுத்த சீட்டும் செல்லாது. என்கிட்ட இருக்கற பேர் வரிசை தப்பு" என்றேன்.

ஒரே கூச்சல். "இன்னா மேடம் வெளாடுறியா? நாளைக்கு எனுக்கு முகூர்த்தம் கீது, பேட்டரிகூட சார்ஜ் போடல" என்று வேளச்சேரிக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். தலைவர் ஓடி வந்தார். "மேடம், பையைக் குடுங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன் சார்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார். போனவங்க கணக்குல என்னையும் சேத்துக்குங்க. அந்தக் கணக்காவது சரியா இருக்கும்."

குரல் நன்றாகவே வந்தது. பாத்திரக் கடைக்கு மேலே வேலை பார்த்த பழக்கம், சத்தத்துக்கு மேல் பேசத் தெரியும். மார்ச் கெடுவைச் சொன்னேன். தவக்காலத்தைச் சொன்னேன். ஆடிக்கு மட்டும் அவகாசம் வைத்திருப்பதைச் சொன்னேன். அமலதாஸைக் கை காட்டி, "இவர் எத்தனை வருஷமா சந்தா கட்டறார்னு இவர் கூட வேலை பாத்தவங்க சொல்லுங்க. நம்ம கணக்குப்படி இவர் ரெண்டு மாசம் முன்னாடிதான் சங்கத்துல சேந்தார். ஒவ்வொரு வருஷமும் இவரை வெளிய அனுப்பிட்டு, ஒவ்வொரு வருஷமும் புதுசா வரவேத்திருக்கோம்" என்றேன்.

அந்த வேளச்சேரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆடிக்கு நம்மளுக்குத் தள்ளி வெச்சாங்கல்ல? அவுங்களுக்கு மட்டும் ஏன் வெக்கல? அத்த சொல்லு நைனா மொதல்ல" என்று தலைவரைப் பார்த்துக் கேட்டார். பின்னால் நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. கூட்டத்தின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதில் தலைவருக்கு ஸ்டூடியோ அனுபவம் உண்டு. மைக்கை வாங்கி, அலுவலகத் தவறு என்று ஒத்துக்கொண்டார். நன்றாகவே ஒத்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பல வருடமாகச் சந்தா கட்டுகிறவர் என்று வேறு கிளைக்காரர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும், சீட்டு கொடுங்கள் என்றார். சாட்சி சொல்ல மேஜைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கலைக்கும் தீர்மானம் படுதோல்வி. பிலோமினா என் கையைப் பிடித்து இழுத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். ஆறிப்போன டீ. அவ்வளவு சந்தோஷமாக நான் டீ குடித்ததில்லை.

வேலை போகவில்லை. மென்பொருளில் ஈஸ்டரைச் சேர்த்தோம், ரம்ஜான் நோன்புக் காலத்தையும் விசாரித்துச் சேர்த்தோம். பழைய எண்களைத் திருப்பிக் கொடுத்தோம். இங்கேயே முடித்திருந்தால் உங்களுக்கு நல்ல கதையாக இருக்கும், எனக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

அடுத்த வருடம் ஈஸ்டர் வந்தது, போனது. அவகாசமும் முடிந்தது. சாந்தோமிலிருந்து சந்தா பாதிதான் வந்தது. இளைய பையன்கள் கட்டியிருந்தார்கள். பழைய ஆட்கள் கட்டவில்லை. பிலோமினாவைக் கேட்டேன். "சொல்லிப் பாத்துட்டேன் மேடம். சரி சரிங்கறாங்க, கட்ட மாட்டேங்கறாங்க" என்றார் சோர்வாக. மறுபடியும் கணக்கில்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டு, மறுபடியும் ஆட்டோவில் ஏறினேன்.

அமலதாஸை மாதா கோயில் பக்கத்துக் கூடம் ஒன்றின் வாசலில் பார்த்தேன். கல்யாண வரவேற்பு. லைட் ஸ்டாண்டைப் பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பையனை விட்டுக் கூல் டிரிங்க்ஸ் வாங்கிவரச் சொன்னார்.

"கோவமா?" என்றேன், சுற்றி வளைக்காமல்.

"ஐயே, உங்க மேல கோவமா? எங்களுக்கோசரம் அத்தினி பேரு முன்னாடி சண்ட போட்டீங்க. அத்த மறந்தா சோறு செரிக்குமா?" ஸ்டாண்டின் திருகை இறுக்கினார். இறுக்கியதையே மறுபடியும் இறுக்கினார். "ஆனா ஒண்ணு மேடம். இத்தினி வருசமா உள்ள கீறோம்னு நென்ச்சிக்கினு இருந்தேன். இல்லன்னு நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. தெரியாம இருந்தா இருந்திருப்பேன். தெரிஞ்ச பொறவு எப்டி மேடம் போய்க் குந்துறது?"

அன்றைக்கு வாசலில் அவரைக் கை காட்டினேனே, அவரைக் கேட்டுவிட்டா காட்டினேன்? காட்டாமல் இருந்திருந்தால் கிளை போயிருக்கும். காட்டியதால் கிளை நின்றது, அவர் போய்விட்டார். எதைச் செய்திருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை தெருச் சுற்றியும் எனக்கு அது பிடிபடவில்லை. உங்களுக்கும் ஒருநாள் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். யோசிக்க அரை நிமிடம்தான் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் அவர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். நான் வரிசையைப் பார்த்தேன், கூட்டத்தைப் பார்த்தேன், தலைவரைப் பார்த்தேன்.

செயற்குழுவில் விளக்கை அணைத்தார்கள். அந்த வருடத்துக் கணக்கு சுவரில் விழுந்தது. சாந்தோம் மறுபடியும் சிவப்பில் இருந்தது. தலைவர் பதறிப்போய் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், மறுபடியும் தப்பு வருதா? ஈஸ்டரைச் சேத்தாங்களா இல்லையா?"

"சேத்துட்டாங்க சார்."

"அவகாசம்?"

"அதுவும் குடுத்தாச்சு."

"அப்ப இந்தக் கணக்கு?"

"இது சரியா இருக்கு சார்" என்றேன்.